நார்த்தஞ்செடிக்கு அடியில ஒரு ஜாடி

இல்ல தம்பி, சாவியக் கையில புடிச்சிக்கிட்டே சாப்புட்டா எப்புடி எறங்கும்? அத அந்தக் கட்ட மேல வைங்க. யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க. ஒங்க ஜேசிபிய ஓட்டிக்கிட்டு நான் எங்க போவப் போறேன், எனக்கு சைக்கிளே வுடத் தெரியாது. ஒக்காருங்க. கேவுரு கூழுதான், நேத்தே காய்ச்சி வச்சி இப்பதான் மோரு ஊத்திக் கரச்சேன், வெங்காயம் அரிஞ்சி போட்டிருக்கேன். தொட்டுக்க என்னா வேணும்னு மட்டும் சொல்லுங்க. மாங்கா இருக்குது, எலுமிச்சங்கா இருக்குது, மோர் மொளகா வறுத்து வச்சிருக்கேன், கொத்தவரங்கா வத்தலு இருக்குது. எல்லாத்துலயும் கொஞ்சம் கொஞ்சம் வக்கிறேன், வேணாம்னு சொல்லாதீங்க.

தெரியும், வேல கெடக்குது, எனக்குத் தெரியாதா? வண்டி சும்மா நின்னா ஒங்க மொதலாளி ஒங்களத்தான் கத்துவாரு. ஆனா வெறும் வயித்தோட இந்தக் கத்திரி வெயில்ல அந்த இரும்புக்குள்ள ஏறி ஒக்காந்தா மயக்கம் போட்டு வுழுந்துடுவீங்க. ஜெரோமு வரட்டுமே. பெண்ணாடத்துல கரும்பு மில்லுல ஷிப்டு முடிஞ்சி பஸ்ஸு ஏறி வரணும் அவன். நான் வர்றதுக்குள்ள ஆரம்பிச்சிடுன்னு சொன்னானா? சொல்லுவான், சொல்லுவான். அவன் யாரோ எவனோ இல்ல தம்பி, என் ஊட்டுக்காரரோட கூடப் பொறந்த தம்பிதான். நான் அவனுக்கு அண்ணி. லீமான்னு பேரு. இந்தத் தெருவுல ஊறுகா லீமான்னு கேட்டீங்கன்னா நண்டு சிண்டெல்லாம் கையக் காட்டும். ஒங்க பேரு என்னா? மாயவனா. எந்தப் பக்கம்? ஸ்ரீமுஷ்ணமா, அட, பெருமாள் கோயிலு ஊரு. அங்கேர்ந்து இங்க வந்து மண்ணு வெட்டுறீங்களா. பொழப்புன்னு ஒண்ணு இருக்குதே.

மாங்கா புடிச்சிருக்குதா? முகத்தப் பாத்தாலே தெரியுது. அது நம்ப மரத்து மாங்காதான், அதோ ஒங்க வண்டிக்குப் பின்னாடி நிக்குதே அந்த மரம். காம்பு ஒடையாமப் பறிக்கணும். தொடச்சி, கொட்டையோட வெட்டி, கல்லுப்பும் மஞ்சத்தூளும் போட்டு ஜாடியில கொட்டி, தெனமும் காலையில ஜாடிய ரெண்டு கையால புடிச்சிக் குலுக்கணும். கரண்டி போடக் கூடாது. பொறவு தண்ணி வுட்டதும் துண்ட மட்டும் எடுத்து வெயில்ல போட்டு, பொழுது சாஞ்சா மறுபடியும் அதே தண்ணிக்குள்ள போடணும். அந்தத் தண்ணி மொத்தத்தையும் மாங்காயே குடிச்சிடணும், அப்பதான் மொளகாத்தூளு, வெந்தயம், நல்லெண்ணெ எல்லாம். அவசரப்பட்டா பூசணம் புடிச்சிடும். ஈரக் கை பட்டாலும் போச்சி. நான் ஊறுகா போடுற அன்னைக்கி இந்த வூட்டுல யாரும் என்கிட்ட பேச மாட்டாங்க. இப்பல்லாம் யாரு இருக்காங்க பேசுறதுக்கு. போன தவக்காலத்துல அவரு போயிட்டாரு தம்பி. ஸ்தனிஸ்லாஸ்னு பேரு. செராமிக்கு கம்பெனியில சூளையில இருந்தவரு. நெஞ்ச அடைக்குதுன்னாரு, ஆட்டோ வர்றதுக்குள்ள முடிஞ்சி போச்சி.

புள்ளைங்களா? அத வுடுங்க. ஒங்களுக்கு? ஒரு பொண்ணா? பேரு என்னா, யுவஸ்ரீயா. நல்லாருக்குது. ஊறுகா தின்னுமா? மாங்காய மட்டும் நக்கிட்டு சோத்த வச்சிடுமா? அப்பன்னா சின்ன ஜாடி ஒண்ணு தனியாக் கட்டித் தரேன், போவும்போது மறக்காம எடுத்துக்கிட்டுப் போங்க. காரம் கம்மியாப் போட்டது தனியா இருக்குது.

இன்னொரு கரண்டி ஊத்துறேன். இருங்க, எழுந்திருக்காதீங்க. செரி, நேராவே சொல்லிடுறேன். இந்தக் கொல்லப்பக்கம் மொத்தமும் இப்ப ஜெரோமோடது. பாகம் பிரிக்கும்போது சீட்டுப் போட்டாங்க. எனக்கு முன்பக்கம், வூடு. அவனுக்குப் பின்பக்கம், தோட்டம். ஊருல யாரக் கேட்டாலும் அண்ணிக்குத்தான் யோகம், ரோட்டுப் பக்கம் வந்திருக்குதுன்னுதான் சொல்லுவாங்க. நான் என்னா பண்ணேன் தெரியுமா? அவன் கையப் புடிச்சிக்கிட்டு, ஜெரோமு, வூட்ட நீ எடுத்துக்க, எனக்குக் கொல்லையக் குடுத்துடுன்னு கேட்டேன். ஓலக் கொட்டா போட்டுக்கிட்டு இருந்துக்குறேன்னேன். அங்க பத்திரம் எழுத வந்தவரு என்னயப் பைத்தியம்னு நெனச்சாரு. ஜெரோமு அப்புடி நெனைக்கல. அவன் கண்ணு சுருங்குனத நான் அப்பவே பாத்தேன்.

அவன் மூணு கட கட்டி வாடகைக்கு வுடப் போறான். கட்டட்டும், நல்லாருக்கட்டும். மாமரத்த வெட்டணும்னா வெட்டட்டும். கொத்தவரங்கா பாத்தி, கத்திரிச் செடி, சுண்டக்கா, எல்லாத்தையும் வழிச்சித் தள்ளுங்க, நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். அதோ, மதிலு ஓரத்துல அந்த நார்த்தஞ்செடி தெரியுதா? அது கிட்ட மட்டும் பக்கெட்ட எறக்காதீங்க. அதுக்கு அடியில ஒரு ஜாடி இருக்குது. பீங்கான் ஜாடி. ஒங்க பக்கெட்டு பல்லு ஒண்ணு பட்டாலும் தூள்தூளாப் போயிடும்.

என்னா ஜாடியா? ஊறுகா ஜாடிதான். பின்ன வேற என்னா ஜாடி. நார்த்தங்கா.

சிரிக்காதீங்க தம்பி. மண்ணுக்குள்ள யாராவது ஊறுகாயப் பொதைப்பாங்களான்னு கேக்குறீங்க. பொதைப்பாங்க. நார்த்தங்காய சுருளு சுருளா அரிஞ்சி, உள்ள உப்ப அடச்சி, காயவச்சி, ஜாடியில போட்டு வாயக் கட்டிக் குளுமையான எடத்துல வச்சா எத்தன வருஷமானாலும் ஒண்ணும் ஆவாது. கறுத்துப் போயி மருந்தாயிடும். வயித்துவலிக்கி, வாந்திக்கி, புள்ள பெத்தவளுக்கு வாய் கசந்தா குடுப்பாங்க. நம்ப ஊரு வெயிலுக்கு வூட்டுக்குள்ள ஏது குளும? மண்ணுக்கு அடியிலதான் குளும. அது அவரு யோசன. நானா சொல்லல.

ஜாடியப் பத்தி அவருகிட்டதான் கேக்கணும். எங்க வூட்டுல இருக்குற ஜாடி எல்லாமே செகண்ட்ஸு, கம்பெனியில கழிச்சிப் போட்டது. ஒண்ணு சாஞ்சி நிக்கும், ஒண்ணுக்கு மூடி சேராது, ஒண்ணுக்கு மேல பளபளப்பு ஊசி குத்துன மாதிரி பொத்தல் பொத்தலா இருக்கும். அந்த மாதிரி ஜாடியில உப்புப் போட்டா கொஞ்ச நாள்ல வெளிப்பக்கம் வெள்ளையாப் பூத்துடும். உள்ள இருக்குற உப்பு ஓட்டுக்குள்ள பூந்து வெளிய வந்துடும் தம்பி, நம்புவீங்களா? அதனால அவரு கொண்டாந்ததும் மொதல்ல வெரலு முட்டியால தட்டுவாரு. ணங்குன்னு கேட்டா நல்ல ஜாடி. டொக்குன்னு கேட்டா எங்கயோ கண்ணுக்குத் தெரியாத கீறலு இருக்குது. எங்க வூட்டு ஜாடி எல்லாம் டொக்குதான். நான் கோவிச்சிக்குவேன், ஊருக்கெல்லாம் நல்ல ஜாடி செஞ்சி அனுப்புறீங்க, பொண்டாட்டிக்கு ஒடஞ்சதான்னு. நாமளே ஒடஞ்சதுதான, ஜாடி மட்டும் எதுக்கு நல்லதுன்னுவாரு. சிரிச்சிக்கிட்டேதான் சொல்லுவாரு. சிரிச்சிக்கிட்டே சொன்னாலும் சில வார்த்த போயி எங்கயோ குத்தும்.

வேற ஜாடி வாங்கித் தரேன்றீங்க. நல்ல மனசு ஒங்களுக்கு. வேணாம். வேற ஊறுகா போட்டுக்கலாம்னு சொல்றீங்க, செரி, இந்த வருஷம் காச்ச நார்த்தங்காய போட்டுக்கலாம். ஆனா அந்த ஜாடி எனக்கு வேணும். முழுசா வேணும். ஒண்ணுமில்ல, செடிக்கு இந்தப் பக்கமா நாலு கை தள்ளி ஒரு பள்ளம் மட்டும் எடுத்துக் குடுங்க. அப்புறம் பக்கவாட்டுல நான் கையால மண்ணத் தள்ளி எடுத்துக்குறேன். அதுக்குத்தான் ஒங்களுக்குக் கூழக் காய்ச்சி வச்சிக்கிட்டு விடியலேர்ந்து வாசல்லயே நின்னேன். இல்லன்னா எனக்கென்ன, ஜேசிபிக்காரருக்கெல்லாம் கூழு ஊத்துறதுதான் வேலயா?

கையில என்னா கட்டா? அது ஒண்ணுமில்ல. நேத்து நானே கடப்பாறயத் தூக்கிக்கிட்டுப் போனேன். நாளன்னைக்கிதான் வண்டி வருதுன்னு இருந்தேன், நேத்து மத்தியானம் அவன் பொண்டாட்டி நான்சி வாய் தவறி சொல்லிட்டா, நாளைக்கே வண்டி வருதுக்கான்னு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. மண்ணு சுட்ட செங்கல்லு மாதிரி இருக்குது தம்பி. கடப்பாறயப் போட்டா திரும்பி நம்ப மேலயே துள்ளுது. உள்ளங்கை ரெண்டும் தோலு உரிஞ்சி போச்சி. அப்புறம் ஒரு பயம் வந்துடுச்சி. கண்ணு மண்ணு தெரியாமக் குத்தி நானே ஒடச்சிட்டேன்னா? அந்த எண்ணம் வந்ததும் கடப்பாறயப் போட்டுட்டு அங்கயே ஒக்காந்துட்டேன். பொழுது போனதே தெரியல.

ஒங்க செல்லு அடிக்குது. ஜெரோமா? எடுக்காதீங்க தம்பி. கொஞ்ச நேரம், எடுக்காதீங்க. ஐயோ, எடுத்துட்டீங்களா. செரி பேசுங்க.

என்னா சொல்றான்? பஸ்ஸு ஏறிட்டானா? வேற என்னமோ சொன்னானே, நீங்க என் மூஞ்சப் பாத்துக்கிட்டே உம் உம்முன்னு கேட்டீங்களே. மறைக்காதீங்க. நானே சொல்லவா? நார்த்தஞ்செடி மூலையில மொதல்ல தோண்டு, எதுனா தட்டுப்பட்டா நிறுத்திட்டு எனக்கு போன் பண்ணு, அண்ணிய கிட்ட வுடாதன்னு சொல்லியிருப்பான். சொன்னானா இல்லியா? எனக்குத் தெரியும். நான் கொல்லையக் கேட்ட அன்னைக்கே அவனுக்குப் புத்தி அங்க போயிடுச்சி. ரோட்டுப் பக்க வூட்ட வுட்டுட்டு ஒருத்தி கொல்லையக் கேக்குறான்னா அங்க அண்ணன் பணமோ நகையோ பொதச்சி வச்சிருக்கான்னு. எங்க அண்ணன் சூளையிலயே கெடந்தவன், செலவு பண்ணவே மாட்டான், அவ்வளவும் எங்க போச்சின்னு நான்சிகிட்ட கேட்டிருக்கான். அவன் கெட்டவன் இல்ல தம்பி. நாந்தான் அவனுக்கு ஸ்கூலுக்கு சோறு கட்டிக் குடுத்து அனுப்புவேன். ஆனா அவன் கையில அந்த ஜாடி கெடச்சா என்னா பண்ணுவான்? மூடியத் தொறக்கப் பாப்பான். தொறக்க வராது, அவரு அப்புடி அடச்சிருக்காரு. தொறக்க வரலன்னா கடப்பாறயாலயே ஒரு போடு போடுவான்.

ஏன் தம்பி அப்புடிப் பாக்குறீங்க? நீங்களும் அதேதான் நெனைக்கிறீங்களா? இவ்வளவு நேரம் கூழ ஊத்தி, பொண்ணுக்கு ஊறுகா கட்டித் தரேன்னு சொல்லி, இந்தப் பொம்பள நம்பள வளைக்குறான்னு. பங்கு கேக்கலாமான்னு ஒங்க மனசுல ஓடுது. ஓடலன்னு சொல்லாதீங்க, கண்ணுல தெரியுது. எனக்குக் கோவம் இல்ல. பொதச்சி வச்ச ஜாடின்னு சொன்னா யாருக்கும் அதுதான் தோணும். பொதையலு இருந்தா பாதி என்னா, முழுசும் எடுத்துக்கிட்டுப் போங்கன்னு சொல்லியிருப்பேன். காதுல கெடக்குற இந்தத் தோட்டக் கழட்டித் தரேன், இந்தாங்க, வேணுமா? எங்கிட்ட இருக்குற தங்கம் இவ்வளவுதான். வேணாமா. செரி. ஒக்காருங்க. நின்னுக்கிட்டே கேக்குற விஷயம் இல்ல அது.

புள்ளைங்க இருக்குதான்னு கேட்டீங்க இல்ல. ஒண்ணு பொறந்துச்சி.

கல்யாணமாகி ரொம்ப நாளு கழிச்சி தங்குன புள்ள. இதே மாதிரி வெயிலு காலந்தான், மாசம் முழுசா ஆவல. அவரு சூளையில இருந்தாரு, சூளையில நெருப்பு போட்டாச்சின்னா பாதியில வுட்டுட்டு வர முடியாது. ஜெரோமு அப்ப திண்டிவனத்துல ஹாஸ்டல்ல தங்கிப் படிச்சிக்கிட்டிருந்தான். நான் ஒண்டியா ஒக்காந்து, நாலு நாளு முன்ன போட்ட மாவடு ஜாடியக் குலுக்கிக்கிட்டிருந்தேன். வலி வந்துடுச்சி. பக்கத்து வூட்டு சிந்தாமணி, பொம்ம சுடுறவங்க வூட்டுப் பொண்ணு, சத்தம் கேட்டு ஓடியாந்தா. ஆஸ்பத்திரிக்கித் தூக்கிட்டுப் போறதுக்குள்ள புள்ள வெளிய வந்துடுச்சி. ஆம்பளப் புள்ள. என் கையி நீளங்கூட இல்ல. அழுவல. பூனக்குட்டி மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடுச்சி. சிந்தாமணி தண்ணி கொண்டாரேன்னு கொடத்த எடுத்துக்கிட்டு ஓடுனா. அந்த வருஷம் கெணறெல்லாம் வத்திப் போச்சி தம்பி, தெருக் கொழாயும் காத்துதான் வரும். வூட்டுல குடிக்க ஒரு சொம்புத் தண்ணி இல்ல.

நாங்க வேதக்காரங்க. எங்கள்ல புள்ளைக்குத் தலையில தண்ணி ஊத்தி பேரு வக்கிறது ஒண்ணு உண்டு. ஞானஸ்நானம்னு சொல்லுவோம். அத கோயில்ல சாமியாருதான் செய்யணும். ஆனா உசுரு போவுற நேரத்துல யாரு வேணும்னாலும் ஊத்தலாம், பெத்தவளே ஊத்தலாம்னு எங்களுக்கு சின்ன வயசுலயே சொல்லிக் குடுத்திருக்காங்க. எனக்கு அந்த நேரத்துல அது ஞாபகம் வந்துச்சி பாருங்க. வேற எதுவும் ஞாபகம் வரல. புள்ள மூச்சு நின்னு நின்னு வருது. சிந்தாமணியக் காணோம். கைக்கு எட்டுன தூரத்துல இருந்தது மாவடு ஜாடி ஒண்ணுதான். அதுல உப்புத் தண்ணி வுட்டு நின்னுது. உள்ளங்கையில அள்ளுனேன். சாவியோன்னு எங்க புனிதரு பேரு ஒண்ணு வாயில வந்துச்சி. சாவியோ, பிதா சுதன் பரிசுத்த ஆவி பேராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்னு சொல்லி மூணு வாட்டி நெத்தியில ஊத்துனேன். கண்ணுல வழிஞ்சிடுச்சின்னு நானே தொடச்சி வுட்டேன். உப்பாச்சே, எரியுமேன்னு. எரிஞ்சிருக்கும். அதுக்கு அப்புறம் ஒரே ஒரு மூச்சுதான் வுட்டுச்சி.

கோயிலுக்கு ஆளு போச்சி. சாமியாரு ஊர்ல இல்ல, எங்கயோ தியானத்துக்குப் போயிட்டாரு. சாமியாருக்கு ஒத்தாசையா இருக்குற உபதேசியாருதான் வந்தாரு, கல்லறத் தோட்டத்துச் சாவி அவருகிட்டதான் இருக்கும். ஞானஸ்நானம் ஆச்சான்னு கேட்டாரு. ஆச்சின்னேன். யாரு ஊத்துனதுன்னாரு. நாந்தான்னேன். எந்தத் தண்ணின்னு கேட்டாரு. அங்கதான் தம்பி என் வாயிலேர்ந்து நெசம் வந்துடுச்சி. தண்ணின்னு ஒத்த வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சி போயிருக்கும். மாவடுத் தண்ணின்னுட்டேன். அப்புறம், ஊறுகாத் தண்ணி தண்ணியாவாதும்மா, வார்த்த சரி, தண்ணி சரியில்லன்னாரு. ஞானஸ்நானம் ஆவாத புள்ளைய உள்ள வக்க முடியாது, மதிலுக்கு வெளிய அந்த முள்ளுக்காட்டு ஓரமா வச்சிக்குங்கன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டாரு.

எங்க வூட்டுக்காரரு வந்தாரு சூளையிலேர்ந்து. மேலெல்லாம் சாம்பலு. கேட்டாரு. அங்க நாயி தோண்டும், நான் வைக்க மாட்டேன்னாரு. திரும்பவும் கம்பெனிக்கே போனாரு. மொதலாளிகிட்ட விஷயத்தச் சொல்லி, அன்னைக்கி சூளையிலேர்ந்து எறக்குன சரக்குல ஒரு ஜாடிய எடுத்துக்கிட்டு வந்தாரு. செகண்ட்ஸு இல்ல, மொத தரம். வாய் அகலமானது. இன்னும் சூடு ஆறல. வாசல்ல வச்சி முட்டியால தட்டுனாரு, ணங்குன்னு கேட்டுச்சி. எங்க வூட்டுக்கு வந்ததுலயே அந்தச் சத்தம் குடுத்த ஜாடி அது ஒண்ணுதான். அவரோட கல்யாணச் சட்டையில சுத்தி, அடியில கல்லுப்பு போட்டு, மேலயும் கல்லுப்பு போட்டு, நாந்தான் வச்சேன். எனக்குத் தெரிஞ்சது அதுதான தம்பி. மூடி போட்டு சுத்திவர மெழுகுவத்திய உருக்கி ஊத்துனாரு. ரெண்டு பேருமாச் சேந்துதான் எறக்குனோம். அடையாளத்துக்கு அந்த நார்த்தஞ்செடிய வச்சது அவருதான். எங்க வச்சோம்னு எங்க ரெண்டு பேரத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த ஜாடியத்தான் தம்பி நான் கேக்குறேன்.

கூழ வச்சிட்டீங்களே. பரவாயில்ல. வைங்க.

ஜெரோமுகிட்ட சொல்லியிருக்கலாமேன்னு கேப்பீங்க. கதை கட்டுறீங்க அண்ணி, தொறந்து காட்டுங்கன்னு சொல்லுவான். நான் தொறந்து காட்டவா அத? அவரு போயி மாசம் திரும்புன பூசைக்கி கோயிலுக்குப் போனப்ப, இப்ப வந்திருக்குற ஃபாதருகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். சின்ன வயசுக்காரரு. உப்புத் தண்ணியும் தண்ணிதாம்மா, கடல் தண்ணிய ஊத்துனாலே செல்லும், ஒங்க புள்ளைக்கு ஞானஸ்நானம் ஆயிடுச்சிம்மா, ஒங்களுக்கு யாரும்மா அப்புடிச் சொன்னதுன்னாரு. நான் அந்த எடத்துலயே வாயிலயும் வயித்துலயும் அடிச்சிக்கிட்டேன். எத்தன வருஷம் தம்பி. ஒவ்வொரு கல்லறத் திருநாளுக்கும் ஊரே மெழுகுவத்தி கொளுத்தும்போது நாங்க ரெண்டு பேரும் வெறுங்கையோட நின்னுட்டு வருவோம். சரியான தண்ணி ஊத்தலன்னு அவரு என்னய ஒரு நாளும் ஒரு வார்த்த கேட்டதில்ல. சரியான தண்ணிதான்னு தெரியாமலே போயிட்டாரு. அவரு பக்கத்துலயே வச்சிடலாம், எடுத்துட்டு வாங்க, நான் ஜெபம் சொல்லி மந்திரிக்கிறேன்னு ஃபாதரு சொல்லியிருக்காரு. நேத்து ராத்திரியே சொல்லி அனுப்பிட்டேன், இன்னைக்கி சாயங்காலம் கல்லறையில குழி வெட்டி வச்சிருப்பாங்க.

பஸ்ஸு கருவேப்பிலங்குறிச்சி தாண்டியிருக்கும் இந்நேரம். வாங்க தம்பி. அழுவாதீங்க, ஆம்பள அழுதா எனக்குக் கை கால் ஓடாது. மெதுவா எறக்குங்க பக்கெட்ட. இந்தப் பக்கமா ஒரு பள்ளம் எடுத்தா போதும், அப்புறம் கையால மண்ணத் தள்ளிக்கலாம். நானும் பள்ளத்துல எறங்கணும்னுதான் இருந்தேன், ஒங்க முன்னாடி தைரியமாப் பேசிட்டேன், ஆனா அத என் கண்ணால பாக்க முடியாது. நீங்களே எறங்கித் தூக்கிடுங்க. அந்தச் செடி வேரு இத்தன வருஷத்துல எங்கெல்லாம் போயிருக்கும்னு தெரியல. ஜாடிய நெரிச்சிருக்கும், கீறல் வுட்டிருக்கும், எது வேணும்னாலும் ஆயிருக்கும். இந்தாங்க, இந்தப் பொடவைய வச்சிக்குங்க, தொவச்சதுதான். நான் அந்தச் செவுத்தப் பாத்துத் திரும்பி நின்னுக்குறேன். முழுசா இருந்தா அப்புடியே சுத்திக் குடுங்க. ஒடஞ்சிருந்தா, என்னா கெடைக்குதோ அத இதுல வச்சிக் கட்டிக் குடுங்க, குடுக்கும்போது, அக்கா ஜாடி முழுசாத்தான் இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. நான் அவுத்துப் பாக்க மாட்டேன் தம்பி, மாதா சத்தியமா.